நனைத்துப் பார்த்தல்

ஞாயிறு காலை லோரோங் கூலிட் சந்தையில்
துருவேறிய ஸ்பானர்களுக்கும்
ஒற்றைச் சப்பாத்துகளுக்கும் நடுவே
ஒரு சவரத் தூரிகை.
தேன்மிட்டாய் நிறப் பிடி,
வெளுத்த முடி, இடையில் ஒரு கரும்பட்டை.
கிழிந்த அட்டைப் பெட்டிக்குள்
கேம்பல் ஸ்திரீட் கடையொன்றின் ரசீது:
பன்னிரண்டு வெள்ளி.
தேதியைப் பூச்சி தின்றிருந்தது.

"பாரு லாகி, பாங்," என்றார் ஜமாலுடின்.
இன்னும் புதுசாம்.
அங்கேதான் வயிறு கலங்கியது.

புதுசென்று சொல்லாதீர்கள்,
சொன்னால் நான் வாங்க முடியாது என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தார்.
பழசென்று சொல்லுங்கள் எனக் கெஞ்சிய ஆளை
அந்தச் சந்தையில் அவர் கண்டதில்லை.
"சரி, பழசு. விலை அதே நாற்பதுதான்."

வீட்டில் ஒரு சட்டம் உண்டு.
பிப்ரவரியில் பதிவு செய்துகொண்டு
குளுகோர் அடுக்குமாடியில்
இருவர் சாமானையும் ஒன்றாய்க் கொட்டியபோது
ரைஸ் குக்கர் இரண்டு, கிரைண்டர் இரண்டு,
இஸ்திரிப் பெட்டி மூன்று.
தலையணை உறைகளில் சிலவற்றில்
எங்கள் பெயரில் இல்லாத எழுத்துகள் பின்னியிருந்தன.
அவற்றை உள்பக்கம் புரட்டி மாட்டிவிட்டு
யோகவதி எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள்:
ஒரு வருஷத்துக்குப் புதுசாக எதுவும் வாங்கக் கூடாது.
மீறினால் மைலோ டின்னில் ஐம்பது வெள்ளி.

அவள் வேலை பாயான் லெப்பாஸில்,
திருப்பியனுப்பிய சரக்கைப் பிரிக்கும் பகுதி.
முத்திரை உடையாதது ஒரு தட்டு,
உடைந்தும் ஓடாதது ஒரு தட்டு,
ஓடியது ஒரு தட்டு.
நான் தூரிகையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"யாராச்சும் பாவிச்சதா?"
"யாரோ காசு கொடுத்து வாங்கினது. ரசீது இருக்கு பாரு.
அப்போ செகண்ட் ஹேண்ட்தானே?"
"கை மாறினது வேற. கை படாதது வேற."

கைப்பேசி வெளிச்சத்தில் வேர்வரை விரித்துப் பார்த்தாள்.
சோப்புக் கறை இல்லை.
ஒரு முடிகூடத் தேயவில்லை.

என்னிடம் மிச்சமிருந்த ஒரே வாதத்தை எடுத்தேன்:
"இந்த முடிய முதல்ல ஒரு மிருகம் பாவிச்சிருக்கு.
அது பழசுதான்."
சிரித்தாள்.
சிரித்துவிட்டு, "செல்லாது" என்றாள்.

வளைக்கரடி முடி
முதல் தடவை நனையும்போது நாறும்.
நாலைந்து முறை சோப்பு கண்டபின் அடங்கிவிடும்.
இது எனக்குத் தெரியும்;
அவளுக்குத் தெரியாது என்பது என் கணக்கு.
இரவு எல்லாம் ஓய்ந்தபின்
குளியலறையில் சுடுதண்ணீர்க் குவளையோடு நின்றேன்.
ஜன்னலைத் திறந்து, குழாயையும் திறந்துவிட்டு.

எழுந்தது.
மழையில் ஊறிய நாய், பூட்டிய அலமாரி, கொஞ்சம் மண்.
எத்தனை வருஷமோ
யார் முகத்துக்கும் போகாமல்
பெட்டிக்குள் கிடந்த வாடை.

கதவுக்கு வெளியே அவள் குரல்.
"முதல்ல அப்படித்தான் நாறும்.
அவரும் ஒண்ணு வச்சிருந்தாரு."

அவரைப் பற்றி அவள் பேசியது
இதோடு மூன்றாம் முறை.
குழாயை மூடினேன்.
"என்ன சவர்க்காரம் போடுவாரு?" என்று கேட்டேன்.
"ஞாபகமில்ல," என்றாள்,
கொஞ்சம் யோசித்த பிறகு.

டின்னில் ஐம்பது போட்டேன்.
ஆக, தூரிகை தொண்ணூறு வெள்ளி.
காலையில் தாடையில் ஒட்டியிருந்த ஒரு முடியை
அவளே எடுத்து ஊதினாள்.
"இப்போ பழசாயிடுச்சு. சந்தோஷமா?"

அடுத்த சனி, பட்டர்வொர்த்தில்
அவள் சித்தப்பா வீட்டு விருந்து.
எனக்கு நாற்பத்தொன்பது வயது, முன்தலை வழுக்கை.
"புது மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு வைங்க,"
என்று யாரோ சத்தம் போட,
தண்ணீர் ஊற்ற வந்த யோகவதி
எல்லார் முன்னாலும் குனிந்து
என் சட்டைக் காலரை
ஒருமுறை மோந்து பார்த்தாள்.

எந்தத் தட்டு என்று சொல்லாமல்
செம்போடு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.