கெடு

செவ்வாய்தோறும் என் லாரிக்கு இரண்டு நிறுத்தம்.
முதலாவது, மோஹாவி பாலைவனத்து ஓரம்
ஒரு மாட்டுப்பண்ணை.
பால்கேன் உயரத்துக் குடுவையில்
காளைகளின் விந்து உறைந்திருக்கும்.
இரண்டாவது, அங்கிருந்து நாற்பது மைல்,
கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலை,
புல்லுக்குக் கீழே ஓர் இரும்புக் கதவு.

இரண்டு இடத்திலும் ஒரே புகை, ஒரே குளிர்,
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு.
ரசீதுப் புத்தகமும் ஒன்றுதான்.

வெர்லின் டாக்கெட் கதவைத் திறப்பான்.
முன்பு டெலிவிஷன் பழுது பார்த்தவன்.
ஏதோ ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று
சாவும் ஒரு பழுதுதானே என்றானாம்.
கேட்ட வாய்க்கே சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.
அவர்கள் அச்சடித்த தாளில்
எந்தப் பக்கத்திலும் பிணம் என்ற சொல் கிடையாது.
நோயாளிகள் என்றிருக்கும்.
காத்திருக்கிறார்கள் என்றிருக்கும்.
விஞ்ஞானம் நாளையோ மறுநாளோ
பேருந்தில் வந்து இறங்கும் என்பதுபோல.

ஒருவருக்கென்று செய்த உருளையில் மூன்று பேர்.
ஆர்டித் கன்வால்ட்சன், மார்பில் புற்று, வயது ஐம்பத்திரண்டு.
உறவென்று யாருமில்லாத கணக்கு வாத்தியார் ஒருவர்,
இடம் போதாமல் தலைகீழாக.
நடுவில் நோரீன். எட்டு வயது.
சிவப்பு ஷூவைக் கழற்ற
அவள் அம்மா சம்மதிக்கவில்லை.
எழுந்ததும் நடக்க வேண்டுமே.

ஆர்டித்தின் மகன் மாதம் நூறு டாலர் அனுப்பினான்.
பிறகு அறுபது.
பிறகு ஒரு கடிதம்:
கூரை ஒழுகுகிறது, இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது,
அம்மா இருந்தால் புரிந்துகொள்வாள்.
அந்த 'இருந்தால்' மேல்
வெர்லின் வெகுநேரம் கட்டைவிரலை வைத்திருந்தான்.

வாத்தியார் பங்குக்குத் தன் காரை விற்றான்.
ஆறு மாதக் குளிர் வந்தது அந்தக் காருக்கு.

எழுபத்தாறு, ஜூலை.
தார் இளகி டயரில் ஒட்டிய வாரம்.
வெற்றிடப் பம்பின் மோட்டார் வியாழக்கிழமை எரிந்தது.
புது மோட்டார் கடனுக்குக் கிடைக்கவில்லை.
பழைய பாக்கிக்கு என் முதலாளி வைத்த கெடுவும்
சனிக்கிழமையோடு தாண்டியது.
செவ்வாய் நான் போய் இறங்கியபோது
கதவு மூடித்தான் இருந்தது.
திறக்க வேண்டியிருக்கவில்லை.
காற்றே சொல்லிவிட்டது.

"ஊற்று" என்றான்.
வெர்லின், என்றேன்.
"ஊற்று."
முப்பத்தெட்டு லிட்டர்.
கெட்டதை நாங்கள் மறுபடி உறையவைத்தோம்.
அந்த ரசீதில் மட்டும் நான் கையெழுத்து வாங்கவில்லை.

ஒவ்வொரு அக்டோபரும் ஒன்பதாம் தேதி
நோரீனின் அம்மா தொலைபேசியில் கூப்பிடுவாள்.
"நன்றாக இருக்கிறாளா?"
வெர்லின் சுவரைப் பார்த்துச் சொல்வான்:
"அப்படியே இருக்கிறாள்."
மூன்று பிறந்தநாள் அப்படிச் சொன்னான்.
ஒருமுறை நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.
வைத்த பிறகும் ரிசீவரை விடவில்லை அவன்.

பிறகு வழக்கு.
மோசக்காரன் என்று பத்திரிகை எழுதியது.
கூண்டில் ஏறி ரசீதுகளைக் கொடுத்தேன்.
எத்தனை லிட்டர் என்று கேட்டார்கள்.
காரைப் பற்றி யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
அந்த அம்மா முதல் வரிசையில் இருந்தாள்.

அடுத்த செவ்வாயும் வந்தது.
இப்போது எனக்கு ஒரே நிறுத்தம்.
பண்ணையில் விடியற்காலை ஒரு கிடாரிக் கன்று.
தகப்பன் செத்துப் பதினோரு வருடம்
என்றான் கறவைக்காரப் பையன்,
பெரிய விஷயமில்லாததுபோல.
வைக்கோலில் விழுந்தது, எழுந்தது, விழுந்தது.
பனி படர்ந்த என் கையுறையைக் கழற்றி நீட்டினேன்.
சொரசொரப்பான நாக்கு. என்ன சூடு.
ஒரு துளிதான் அது, அதனால் முடிந்தது
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அது என்னைத் தாண்டி
நான்கு அடி நடந்தது,
ஈரம் காயாத குளம்போடு,
ஷூ எதுவும் இல்லாமல்.