கமிஷனர் அறிக்கையில் சேராதது

மன்னார்குடியில், பாமணி ஆற்றுக்கு இறங்கும் சந்தில்
பன்னிரண்டு சென்ட்.
பதினாறு வருஷமாகப் பாகப்பிரிவினை வழக்கு.
அண்ணன் ராஜமன்னார் வாதி,
தம்பி சுதர்சனம் பிரதிவாதி.
கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.
நான் நீதிமன்றம் அனுப்பிய வக்கீல் கமிஷனர்:
அளக்க வேண்டும்,
உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

உள்ளதை உள்ளபடி.

ஐப்பசியின் முதல் மழை நேற்றுத்தான் விட்டிருந்தது.
பூட்டைக் கல்லால் தட்டித் திறந்தோம்.
சர்வேயர் இருதயராஜ் டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தவர்
எருக்குக்கும் லாட்ஜ் சுவருக்கும் நடுவில்
நின்றுவிட்டார்.

வலை.
நடுவே வெள்ளை நூலில் ஒரு பெருக்கல் குறி,
அதன்மேல் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து
மஞ்சள் பட்டை போட்ட பெண் சிலந்தி, தலைகீழாக.
அவளில் கால்வாசிகூட இல்லாத ஆண் ஒன்று
ஓரத்து நூலைத் தட்டுகிறது, நிறுத்துகிறது,
தட்டுகிறது.

'அறுத்துடவா மேடம்?'
'நோட்டீஸ் கொடுக்காம எப்படி?'
சிரித்தார். குனிந்தார்.
டேப் வலைக்கு அடியில் தொய்ந்து போனது.

வடக்கெல்லை:
லாட்ஜின் குளியலறைக் குழாய் கசியும் சுவர்.
குளவியின் மண்கூடு நாலு.
ஒன்றில் ஓட்டை, குடியிருந்தது காலி செய்துவிட்டது.
மற்ற மூன்றுக்குள்ளும்
மயங்கிய சிலந்திகளைத் தின்றபடி யாரோ வளர்கிறார்கள்.

கிழக்கே துத்திக் காய்களில்
சிவப்புப் பூச்சிகள் பின்னோடு பின் ஒட்டி
ஆளுக்கொரு திசைக்கு இழுக்கின்றன.
ஜெயிப்பது எது என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

தெற்கே தகரக் கொட்டகை.
வீடு கட்ட இறக்கிய ஆற்றுமணல் அப்படியே கிடக்கிறது.
அதில் குழியானைகள், முப்பத்தொரு குழி;
கடைக்கால் தோண்டிவிட்டு
அடியில் வாயைத் திறந்து வைத்திருக்கின்றன.

மேற்கெல்லைக் கல்லைக் காணவில்லை.
அந்த இடத்தில் நுணா.
பட்டையில் ஏறும் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில்
ஒன்று மட்டும் தனியாக, நின்று நின்று.
கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து எண்ணினேன்:
கால் எட்டு.
முன்னங்கால் இரண்டைத் தூக்கி
மீசை, மீசை என்று ஆட்டுகிறது சிலந்தி.
இவ்வளவு தேர்ந்த பொய்ச்சாட்சியை
கூண்டில் நான் பார்த்ததே இல்லை.

'வெறும் புதர் மேடம், பாம்புதான் அடையும்'
என்றார்கள் அண்ணனும் தம்பியும்
ஒரே நேரத்தில்.
பதினாறு வருஷத்தில் முதல் ஒருமித்த வாக்குமூலம்.
அப்போது தம்பலப்பூச்சி ஒன்று
குங்குமம் உருண்ட மாதிரி
ராஜமன்னாரின் செருப்பைச் சுற்றிக்கொண்டு
சுதர்சனத்தின் பக்கம் போயிற்று.

படிவத்தில் ஒரு கேள்வி:
மனையின் தற்போதைய நிலை.
'காலின்னு போடுங்க, எல்லாரும் அப்படித்தான்' என்றார் இருதயராஜ்.
போட்டேன்.
அதற்குக் கீழே இரண்டு விரல்கடை இடம் இருந்தது.
அனுபவத்தில் இருப்பவர் யார் என்று
சட்டம் கேட்கும் இடம்.
அங்கே பேனா கொஞ்ச நேரம் நின்றது.
ஒரு புள்ளி ஊறிவிட்டது.

அடுத்த வாய்தா டிசம்பர் பதினாறு.
அதற்குள் அவள் முட்டைப்பை கட்டியிருப்பாள்,
செத்தும் இருப்பாள்.
வாரிசுகள் சில நூறு பேர்.
காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நூலை விட்டு
பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க்,
கோர்ட் வளாகத்து வேப்பமரம் வரைக்கும் போவார்கள்.

டேப் தொய்ந்ததில்
வடக்கெல்லை மூன்று அங்குலம் கூடுதலாக வந்திருக்கிறது.
வாதி தரப்பு ஆட்சேபணை தாக்கல் செய்திருக்கிறது.
பதில் எழுத வேண்டும்.