யூனிட் என்ன விலை

அழகியமண்டபம் தாண்டி
ரப்பர் விளை முடியும் இடத்தில் என் யார்டு.
தேக்குக் கதவுக்கு ஆள் உண்டு.
சீமை ஓட்டுக்கு, வெட்டுக்கல்லுக்கு,
கறுத்த பித்தளைக் கொண்டிக்கு
களியக்காவிளைக்கு அப்பாலிருந்து
கார் போட்டு வருவார்கள்.

கான்கிரீட்டுக்குத்தான் நாதியில்லை.

நாலுவழிச் சாலைக்குப் பாதி அறுத்த வீடுகள்,
கல்யாண மண்டபத்துக் கக்கூஸ் சுவர்,
எல்லாம் வந்து குவிகிறது.
உடைத்து, கம்பி உருவி,
முக்கால் இஞ்சு, அரை இஞ்சு, தூசி என்று
மூன்று மேடாகச் சலித்து
சிலேட்டில் விலை எழுதி வைத்தேன்.
சிலேட்டை மழை படித்தது.

எனக்குப் போட்டி
பக்கத்துக் கடை இல்லை.
குளம்.
ராத்திரி இரண்டு மணிக்கு
லைட்டை அணைத்து வரும் டிப்பரிடம்
குளம் பில் கேட்காது.
வாயைத் திறந்தபடியே கிடக்கும்.
விடிந்து பார்த்தால்
ஆம்பல் நடுவே
யார் வீட்டு அடுக்களை டைல்ஸோ.

இன்னொரு போட்டி, மலை.
வெடிக்குக் கணக்கு உண்டு, டீசலுக்கு உண்டு.
மலைக்கு யார் கூலி கொடுத்தார்?

"சர்டிபிகேட் உண்டா?" என்பார்
காண்டிராக்டர் ஸ்டான்லி ஜெபராஜ்.
"இன்னொருத்தன் வீட்டை இடிச்சு
உம்ம வீட்டுல போட்டேன்னு
பார்ட்டிக்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"
ரசலையன் கொத்தனார் ஒரு துண்டைச்
செருப்புக்காலால் உருட்டி
"செத்த கல்லு" என்றார்.

செத்ததா என்று பார்க்க
ஆறு கட்டை வார்த்து
ஆட்டோவில் சாக்கு விரித்து
நாகர்கோவில் லேபுக்குக் கொண்டுபோனேன்.
எந்திரம் அழுத்த அழுத்தத்
தாங்கிய கணக்கு ஒரு தாளில் வந்தது.
லாமினேட் செய்து மாட்டினேன்.
அதை மழைகூடப் படிக்கவில்லை.

அப்புறம் குவாரி ஸ்டிரைக்.
முதல் நாள் ஜல்லி விலை ஏறியது.
மூன்றாம் நாள் ஜல்லியே இல்லை.
நான்காம் நாள் விடியுமுன்
ஸ்டான்லியின் டெம்போ கேட்டில் ஹாரன் அடித்தது.
"அக்கா, யூனிட் என்ன விலை?"
தாளை நீட்டினேன்.
"அது கெடக்கட்டு. விலையைச் சொல்லும்."
எட்டு யூனிட் போயிற்று,
குளச்சல் பக்கம் ஒரு மீன் ஏலக்கூடத் தரைக்கு.
ஆறாம் நாள் ஸ்டிரைக் முடிந்தது.
ஏழாம் நாள் யாரும் வரவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன்.
ஐஸ் உருகி வழியும் தரை.
நாலு பேர் தூக்கி வந்து
தொப்பென்று போட்ட சூரை.
குனிந்து விரிசல் தேடினேன்.
"என்னத்தத் தொலைச்சிய?" என்றாள் ஏலக்காரி.
ஒன்றுமில்லை என்று
மூன்று கிலோ சாளையைச்
சொன்ன விலைக்கே வாங்கி வந்தேன்.

அன்று சிலேட்டைத் துடைத்து
வேறு எழுதினேன்:
இங்கே தட்டினால் லோடுக்கு நூறு ரூபாய்
நான் தருவேன்.

பத்து நாள் ஒன்றுமில்லை.
பதினோராம் ராத்திரி
ஒரு டிப்பர் கேட்டருகே வேகம் குறைத்தது.
லைட் எரிந்துகொண்டிருந்தது.
"நூறு தெகையாது. நூத்தம்பது."

நூற்றிருபது என்றேன்,
கொண்டையை முடிந்தபடி,
சாவியைத் தேடிக்கொண்டே.