ஆயிரத்து எண்ணூறு

நியூசிலாந்து ஆட்டுக்கறி, ஐயாயிரம் வாட்டு.
வாத்து இல்லை, வாட்டு. இந்தத் தீவின் காசு.
பத்து நாளாய்க் கப்பலைக் காணோம்.
குளிர்ப்பெட்டிக்குள் எலுமிச்சை மட்டும் உருண்டது.
‘உன் வீட்டில் இன்றைக்கு என்ன?’ என்றார் முதலாளி
ரோலெனாஸிடம்.

லாப்லாப்.
பெருவள்ளி துருவி, தேங்காய்ப்பால் ஊற்றி,
இலையில் பொதிந்து
பழுக்கக் காய்ந்த கற்களுக்கடியில் ராமுழுக்க.

பலகையில் பெயரை எழுதிவிட்டாள்.
விலைக்கு நேரே சாக்பீஸ் நின்றுவிட்டது.
பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள்,
இழவு வீட்டுக்கு,
பன்றி வேலியைப் பிய்த்த சண்டை தீர்ந்த அன்று மச்சானுக்கு.
எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை.

முதலாளியே எழுதினார்: ஆயிரத்து எண்ணூறு.
ஏழு மேசையும் இலையை வழித்தன.

ஞாயிறு, தம்பி வந்தான், பசியோடு.
பொட்டலத்தை நீட்டின கை
பாதியில் ஒருகணம் நின்றது.
சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டு
இன்னொரு துண்டும் வைத்தாள்.