நான்கு முழம்

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப்
பெட்டி ஒன்று வரப்போகிறதென்றால்
மூன்றாம் மாடி ஹெஸ்கல் கோஹனுக்கு
நான்தான் முதலில் சொல்வேன்.
என் தொழில் அது. பிணவண்டி ஓட்டுகிறேன்.
ஒரு பையில் நாலு சட்டை, பல்துலக்கி,
ஓட்டலுக்குப் போய்விடுவார்.
சீனர் வீட்டுச் சாவென்றால் மூன்று நாள், ஐந்து நாள்.
நம்மவர் சாவு ஒரு பகல்தான்,
உங்களுக்கு லாபம் என்பேன். சிரிப்பார்.

போகும்போது நடைபாதைக் கூரைக்குள் நடக்கமாட்டார்.
புளோக்கையும் புளோக்கையும் சேர்த்து
பேருந்து நிறுத்தம் வரை, ரயில் வரை
யாரும் நனையாதிருக்கக் கட்டிய கூரை.
கூரை அறுபடாமல் போனால்
அதன் அடியில் சாவும் அறுபடாமல் வருமாம்.
மழையில், கூரைக்கு வெளியே,
கழுத்துப்பட்டி கட்டிய கணக்காளர்
தொப்பலாக நடந்துபோவார்.
"எல்லாவற்றையும் ஒட்டிவைத்துவிட்டார்கள், வேடியப்பன்."

காரணத்தை அவர் முதலில் சொன்னபோது
பேச்சை நிறுத்திக்கொண்டேன்.
தீட்டு.
நான் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை.
பாடை சுமந்த என் அப்பன் தோளைப் பார்த்து
கடைக்காரன் சில்லறையைத் தரையில் வைத்தானே,
அங்கே படித்தது.
கடல் கடந்தும் காயாமல் வந்த சொல்.

மூன்று மாதம்.
லிஃப்டில் அவர் இருந்தால் நான் படியேறினேன்.
ஒருநாள் படியில் உட்கார்ந்திருந்தார்.

"செத்தவர் அழுக்கில்லை.
குளிப்பாட்டுகிறவர்களுக்குத்தான் எங்களில் முதல் மரியாதை.
விலக்கு எனக்கு மட்டும்.
ஆரோன் வழியில் பிறந்துவிட்டேன்.
ஆலயம் இடிந்து ரெண்டாயிரம் வருஷமாகப் போகிறது,
வேலை போய்விட்டது,
விதி மட்டும் பாக்கி."

நம்புவதா என்று தெரியவில்லை.
தேநீர் குடிக்கப் போனோம்.

பிறகு அவர் அக்காள் ஃபர்ஹா இறந்தாள்.

"அம்மா, அப்பா, மனைவி, பிள்ளை, அண்ணன், தம்பி,
இவர்களுக்காக நான் தீட்டாகலாம். ஆகியே தீரவேண்டும்.
கட்டிக்கொடுக்காத அக்காளுக்கும்.
இவள் ஒரு பல்வைத்தியரைக் கட்டிக்கொண்டாள்."
சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுவா சூ காங்.
வேலிக்கு வெளியே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவர்.
வண்டியை உள்ளே விட்டேன்,
பக்கக் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனார்.

மண்வெட்டியைக் கையிலிருந்து கைக்குத் தரமாட்டார்கள்.
மண்ணில் குத்திவிட்டு விலகுவார்கள்,
துக்கம் கைமாறக் கூடாதென்று.
என் முறை என்று யாரும் சொல்லவில்லை.
எடுத்தேன். மூன்று வாரி.
ஒன்று அவருக்காக.
மற்ற இரண்டும் யாருக்கென்று
இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வாசல் குழாயில் கை கழுவினேன்,
அவர்கள் ஈரத்தைத் துடைக்கவில்லை,
நானும் துடைக்கவில்லை.
அவருக்கு நான்கு முழம் முன்னாலேயே
என் கால் நின்றுவிட்டது. பழகிய கால்.

"அந்த அளவு கல்லறைக்கு, வேடியப்பன். உங்களுக்கில்லை."
வந்து ஈரக் கையைப் பிடித்தார்.
"என்ன மண்?"
"செம்மண்."
"கல் இருந்ததா?"
"இல்லை" என்றேன்.
இருந்தது.

வண்டி காலிதான், ஏறுங்கள் என்றேன்.
கேட்காததுபோல் சாலையைத் தாண்டினார்.

பேருந்து நிறுத்தம்.
வெயில் கொளுத்துகிறது.
கூரை இருக்கிறது, பெஞ்சு காலியாக இருக்கிறது.
ஹெஸ்கல் வெளியே நிற்கிறார்.
அங்கே பிணம் ஏதுமில்லை.