ஒரு ஹெர்ட்ஸ் குறைவு

தலவாக்கலை. பார்மசிக்கு மேல்மாடி.
பின்னேரம் நாலரைக்கே லைட் போட்டாயிற்று.
ஜன்னலுக்கு வெளியே நீர்த்தேக்கம்
இருக்கவேண்டிய இடத்தில் மூட்டம்.

மேசையில் உள்ளங்கையளவு போர்ட்,
அதன் நுனியில் மிளகளவு கமரா.
கண் இருக்கிறது, பார்வை இல்லை.
ஆறு நாளாக ஒரே வரியைத் துப்புகிறது:
கிளாக் பொருந்தவில்லை, வெளியேறுகிறேன்.

இந்தச் சென்சருக்கு டிரைவர் எழுதியவர்
எந்த ஊரோ, மழை தட்டாத எந்த மேசையோ,
இருபத்துநான்கு மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிவிட்டு
அதற்குமேல் யோசிக்கவில்லை.
எங்கள் போர்டில் துடிப்பது பத்தொன்பது தசம் இரண்டு.
வேறு பளிங்கு கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை.
மலை மூன்று கிழமை நிற்குமா
என்று கேட்கிறான் மரியசீலன்.
சிரிக்கவில்லை அவன்.

கிளென்வார் தோட்டம், ஒன்பதாம் லயத்துக்குப் பின்னால்
ஒரு வெடிப்பு.
போன ஐப்பசியில் விரல் நுழைந்தது,
இப்போது கைமுட்டி.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
அதைப் பார்க்கத்தான் இந்தக் கண்.

சரி, கணக்கை மாற்று.
நாலால் வகு: நாலு தசம் எட்டு.
எழுபத்தைந்தால் பெருக்கு: முந்நூற்று அறுபது.
பழைய வழியும் அங்கேதான் போய்ச் சேர்கிறது;
வேறு படிக்கட்டு, அதே கோயில்.
ரெஜிஸ்டர் ஒவ்வொன்றாய்த் திருத்தி ஏற்றினேன்.
கிளாக் பொருந்தவில்லை, வெளியேறுகிறேன்.

கேட்டது
ஒரு கோடியே தொண்ணூற்றிரண்டு இலட்சம்.
கிடைத்தது
ஒரு கோடியே தொண்ணூற்றோரு இலட்சத்துத்
தொண்ணூற்றொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
வாசித்து முடிக்க மூச்சு முட்டுகிறது.
ஒன்று குறைவு.
எங்கோ ஒரு வகுத்தலில் உதிர்ந்த தூள்.
சமமா? இல்லை. போ.

இந்தக் குரலை எனக்குத் தெரியும்.

பள்ளி விட்டு வரும்போது
மழைக்கு ஒதுங்கினேன் கொழுந்து மடுவத்தில்.
தராசுக்கு முன்னால் புஸ்பவதி அக்கா,
படங்கிலிருந்து தண்ணீர் சொட்ட.
பதினெட்டு வேண்டும்.
தண்ணிக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று கழித்து
பதினேழே முக்கால்.
அரைப்பேர், என்றார் கணக்கப்பிள்ளை, நிமிராமல்.
அவர் சொல்லுமுன்பே பேனா எழுதிவிட்டது.
அக்கா வாய் திறக்கவில்லை.
சாக்கை உதறினாள்.
தரையில் விழுந்த நாலைந்து கொழுந்தைப் பொறுக்கி
தராசில் வைத்தாள்.
முள் அசையவில்லை.

ஒன்பதாம் லயத்தில் கடைசிக் காம்பரா அவளுடையது.

சமமா என்று கேட்ட வரியை அழித்தேன்.
வித்தியாசம் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள்ளா,
அதைக் கேள், என்றேன்.
திருத்தத்துக்குக் காரணம் ஒரு வரியில் எழுதவேண்டும்;
அந்த வரியில் தராசுக்கு இடமில்லை.
வகுத்தலில் வரும் சிறு குறையைப் பொறுத்துக்கொள்
என்று எழுதி,
கடைசிச் சொல்லில் கொஞ்சநேரம் நின்றேன்.
பொறுத்துக்கொள்.
இந்த மலையில் அதை
ஆட்களுக்கு மட்டுமே சொல்லி வந்தார்கள்.

வியாழக்கிழமை.
லயத்துக்குப் பின்னால் தண்ணீர்க்குழாயில் ஒரு கம்பம்.
மரியசீலன் ஏணியில், நான் கீழே போனோடு.
முதல் படம் முழுக்க ஊதா.
இரண்டாவது தலைகீழ்.
மூன்றாவதில்,
வெடிப்பு.
இருபக்கமும் அளவுக்கு வைத்த வெள்ளைப் பெயிண்ட் புள்ளி.
நடுவில் யாருடையதோ ஒரு கோழி
கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறது,
இறங்கலாமா வேண்டாமா என்று.

புஸ்பவதி அக்கா போனை வாங்கினாள்.
கறை ஏறிய பெருவிரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.
தன் கூரையின் ஓரத்தைக் கண்டுபிடித்தாள்.
நல்லாத் தெரியுது புள்ள, என்றாள்.
பிறகு,
தெரிஞ்சா?

பற்றரி எழுபத்தொரு வீதம்.
சோலார் தகட்டின்மேல் மூட்டம் இறங்குகிறது.
அடுத்த படத்துக்கு
இன்னும் ஒன்பது நிமிடம்.