பதினேழு

காலை ஆறரை. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது.
எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு
முதல் ஆளாக உத்திராபதி சார்,
சட்டைப் பொத்தான் ஒரு துளை தள்ளி.

ரப்பர் பட்டையைக் கட்டி, கையை மூடச் சொன்னேன்.
மூடினார், திறந்தார், மூடினார்.
பிறகு உள்ளங்கையை விரித்து
அதில் இல்லாத நெல்லை
உமி போக ஊதினார்.

கொள்முதல் நிலையத்தில் இருபத்தொன்பது வருஷம்.
ஈரமானியில் ஒரு பிடி போட்டுத் திருகி
எண் சொல்கிற ஆள்.
பதினேழு என்றால் மூட்டை உள்ளே போகும்.
பதினெட்டென்றால் ரோட்டில் கொட்டி
வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.
ஐப்பசியில் ஏது வெயில்?

ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லி.
சுழற்றி எடுத்தால் மேலே தெளிவு,
நனைந்த வைக்கோலின் நிறம்.
அதில்தான் தேடுகிறார்கள் அந்த டாவ் புரதத்தை.
மூளைக்குள் சிக்கும் சிடுக்கிலிருந்து
வாய்க்கால் உடைப்பில் கசிகிற மாதிரி
கொஞ்சமே கொஞ்சம் ரத்தத்துக்கு வருமாம்.
வயசானாலும் ஏறும், கிட்னி கெட்டாலும் ஏறும்;
இது எந்த ஏற்றம் என்று
இந்த ஊரில் சொல்ல ஆளில்லை.
ஐஸ் பெட்டியை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட்.
மங்கையர்க்கரசி அம்மாள் எண்ணைப் பார்க்கவில்லை,
பக்கத்தில் அச்சடித்திருந்த வரம்பைத்தான் பார்த்தார்.
“தாண்டிருச்சா?”
“ஆமாம்மா. டாக்டர் வேற டெஸ்டும் பார்ப்பாங்க.
இது ஒண்ண மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டாங்க.”
“கொஞ்சம் கொறச்சுப் போட்டுக் குடேன்.
மவன் துபாய்லேருந்து கேப்பான்.
பாத்தான்னா எங்கயாச்சும் கொண்டு சேத்துடுவான்.”

முடியாது என்றேன்.
சொன்ன வாய் மூடுவதற்குள் ஞாபகம் வந்தது.
கஜா புயலுக்கு முந்தின வருஷமோ, பிந்தின வருஷமோ,
எனக்கே சரியாகத் தெரியவில்லை.
பூவனூரிலிருந்து நாற்பத்து மூன்று மூட்டை.
தார்ப்பாய்க்கடியில் முளை கட்டத் தொடங்கிய நெல்.
மீட்டர் இருபத்தொன்று காட்டியதை
அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
இவரும் பார்த்தார்.
அப்பாவை ஒரு முறை பார்த்தார்.
பதினேழு என்று எழுதினார்.

மூட்டைக்கு நாற்பது ரூபாய் வாங்கினார்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
அந்தப் பணத்தில் மிஞ்சியதுதான்
நான் இந்த ஊசி பிடிக்கப் படித்த முதல் தவணை.

அம்மாள் பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.
உத்திராபதி சார் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து
ரிப்போர்ட்டை என் கையிலிருந்து வாங்கி
எண்ணின் மேல் விரலை ஓட்டினார்,
ஒரு தரம், இன்னொரு தரம்.

“ஈரம் ஜாஸ்தி,” என்றார் என்னிடம்.
“காயப்போட்டு நாளைக்குக் கொண்டா.”